திரும்பி வருவீர்களா, அம்மா?

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவதுதான் நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பும் சீமந்தமும் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து அழைத்து வருவார்கள். பெண்ணின் தாயார் அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே சுக்கும் ஓமமும் திப்பிலியும் சேகரித்து, பிரசவ லேகியம் கிளறி, பழைய வேஷ்டிகளைத் துவைத்து மடித்து வைத்துக் காத்திருப்பாள்.

இப்போது காலம் மாறிவிட்டது. பெண் நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். இல்லாவிட்டால் டெக்ஸாஸில் இருக்கிறாள். உத்தியோகத்தை விட்டு அவளால் வர முடிவதில்லை. ஆகையால் தாய்வீடே பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்ணைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. லேகியம் தயார், பழைய வேஷ்டி தயார், தாயாரும் தயார். ஆனால் நடுவில் ஒரு கதவு நிற்கிறது. அதற்கு விசா என்று பெயர்.

வாசகிகளே! இந்த வாரம் உங்களை ஊட்டிக்கோ குற்றாலத்துக்கோ அழைத்துப் போகப் போவதில்லை. சென்னையிலேயே, ஜெமினி மேம்பாலத்தின் அடியில், அந்தக் கதவு இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். நம்மோடு வருகிறவள் என் அத்தை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 62. ஆகாய விமானத்தை மொட்டை மாடியில் வடாம் பிழியும்போது அண்ணாந்து பார்த்திருக்கிறாளே தவிர, அருகில் போய்ப் பார்த்ததில்லை. அவளுடைய ஒரே பெண்ணுக்கு அமெரிக்காவில் தலைப்பிரசவம். அத்தைக்கு முதல் விசா.

இரண்டு கடிதங்கள்

பாஸ்போர்ட் வேறு, விசா வேறு என்பது முதலில் தெரிய வேண்டும். கல்யாணப் பேச்சை நினைத்துக் கொள்ளுங்கள். "இவள் எங்கள் வீட்டுப் பெண்" என்று பெற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதம் போன்றது பாஸ்போர்ட். அதை நம் சர்க்கார் கொடுக்கிறது. "சரி, வரலாம்" என்று எதிர் வீட்டார் எழுதும் பதில்தான் விசா. லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பார்க்கப்பட்டது' என்று பொருள். காகிதத்தைப் பார்த்தோம், திருப்தி என்று ஓர் அதிகாரி குறித்து வைப்பதுதான் விஷயம்.

முதல் கடிதத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. வெளிநாடு செல்வது தனி மனித சுதந்தரத்தில் அடங்கியது என்று 1967-ம் ஆண்டில் நம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அதே ஆண்டிலேயே பாஸ்போர்ட் சட்டமும் வந்தது. இரண்டாவது கடிதம் அப்படி அல்ல. அது எதிர் வீட்டார் இஷ்டம்.

அமெரிக்கர்களின் இஷ்டம் எப்படிப்பட்டது என்பது 1952-ம் ஆண்டு அவர்கள் இயற்றிய குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. 214-பி என்று அதில் ஒரு பிரிவு. சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று சொல்கிற ஒவ்வொருவரையும், அங்கேயே குடியேற வருகிறவர் என்றே அதிகாரி முதலில் எண்ண வேண்டுமாம். அப்படி இல்லை என்று காட்டுவது விண்ணப்பம் போடுகிறவர் பொறுப்பு. கோர்ட்டிலே, குற்றம் ருசுவாகிற வரையில் எதிரி நிரபராதி. இங்கே அதைத் தலைகீழாகத் திருப்பிக் கொள்ளுங்கள்!

ஆகவே படிவங்கள் எத்தனை பக்கம் நீண்டாலும், பேட்டியில் எத்தனை கேள்வி கேட்டாலும், அடியில் இருக்கும் கேள்வி ஒன்றேதான்: "அம்மா, நீங்கள் திரும்பி வருவீர்களா?"

உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு இதற்குப் பதில் சொல்லக் காகிதம் இருக்கிறது. ஆபீஸ் கடிதம், சம்பளச் சீட்டு, வருமான வரி ரசீது என்று அடுக்கி விடுவார்கள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்மணிக்கு என்ன காகிதம் இருக்கிறது? வீடு மாமாவின் பெயரில். பாங்கிக் கணக்கும் பென்ஷனும் மாமாவின் பெயரில். அத்தையின் பெயரில் இருந்தவை ரேஷன் கார்டில் ஒரு வரியும், கூட்டுறவு சங்கத்தில் ஒரு நகைக் கடன் ரசீதும்தான். அத்தை கவலைப்பட்டதில் ஆச்சரியம் என்ன?

பெயரில் வந்த வில்லங்கம்

விண்ணப்பப் படிவத்துக்கு டி.எஸ். 160 என்று பெயர். கம்ப்யூட்டரில்தான் நிரப்ப வேண்டும். பதில்களை இங்கிலீஷில்தான் தர வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்காராதீர்கள். 20 நிமிஷம் கையை எடுத்துவிட்டால் படிவம் தானாக மூடிக் கொண்டுவிடும். ஆரம்பத்திலேயே அது ஓர் எண் கொடுக்கும். அதைக் காலண்டரிலாவது எழுதி வைத்துக் கொண்டால், 30 நாளுக்குள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் கேள்வியே நம்மவர்களுக்குச் சிக்கல். குடும்பப் பெயர் என்ன, சொந்தப் பெயர் என்ன? நமக்கு ஏது குடும்பப் பெயர்? உங்கள் பெயர் லலிதா; தகப்பனார் ராமசாமி என்று வைத்துக் கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஆர். லலிதா. கல்யாணம் ஆன பிறகு கணவர் பெயரின் முதல் எழுத்து வந்து ஒட்டிக் கொள்கிறது. ஆதாரில் ஒரு மாதிரி, பாங்கியில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி!

இதற்கு ஒரே வழிதான். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகி இருக்கிறதோ, அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் 'லலிதா' என்ற ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அதைக் குடும்பப் பெயர் இருக்கும் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் கட்டத்தில் 'எஃப். என். யூ.' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களை எழுதச் சொல்கிறார்கள். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகி வரும். பெயர் வைத்து, தொட்டிலில் போட்டு, காதில் மூன்று தரம் சொன்ன பெயர் தெரியாமல் போனதே என்று வருத்தப்பட வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போன பலர் அந்த மூன்று எழுத்துக்களைச் சுமந்துகொண்டு அமெரிக்காவில் நடமாடியிருக்கிறார்கள். இனிமேல்தான் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால், தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுசாகப் போட்டுக் கேளுங்கள். பின்னால் நிம்மதி.

பெற்றோரின் பெயர், கணவர் பிறந்த ஊர், அமெரிக்காவில் தங்கப் போகும் விலாசம், பிரயாணச் செலவு யாருடையது என்று கேள்விகள் வரிசையாக வரும். கடந்த ஐந்து வருஷத்தில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் என்ன பெயரில் உலாவினீர்கள் என்றும் 2019-லிருந்து கேட்கிறார்கள். அத்தைக்கு ஃபேஸ்புக்கில் கணக்கு உண்டு. கோலம் பார்ப்பதற்காகப் பெண் திறந்து கொடுத்தது. அதையும் எழுதினோம்.

பிறகு வந்தது பாருங்கள், ஒரு பகுதி! நீங்கள் பயங்கரவாதியா? யாரையாவது சித்திரவதை செய்ததுண்டா? சிறுவர்களைப் பட்டாளத்தில் சேர்த்ததுண்டா? ஒற்று வேலை பார்க்கப் போகிறீர்களா? கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட மாமாவைக் கூப்பிடுகிற அத்தை, ஒவ்வொன்றுக்கும் நான் தமிழில் சொல்லச் சொல்ல, "சிவ சிவா! இல்லை என்று போடு" என்று கன்னத்தில் போட்டுக் கொண்டாள். கடைசியில், "இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா?" என்று ஒரு கேள்வி. என் பெயரையும் விலாசத்தையும் அதில் எழுதினோம். உதவி வாங்குவது தப்பில்லை. வாங்கியதை மறைப்பதுதான் தப்பு.

ஊறுகாய் முதலாளி

படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்துக்கு வருமுன் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று எங்கள் பேட்டையில் ஓர் ஏஜெண்டிடம் அத்தையை அழைத்துப் போயிருந்தேன். அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அம்மாவுக்குத் தொழில் இல்லை, வருமானம் இல்லை. இப்படியே போனால் கஷ்டம். ஊறுகாய், அப்பளம் வியாபாரம் செய்வதாகப் போட்டுவிடுவோம். மாசம் அறுபதாயிரம் வருமானம். ரசீதுப் புத்தகம், போர்டு போட்டோ எல்லாம் நானே தயார் செய்து தந்துவிடுகிறேன்" என்றார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊறுகாய் போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறேன், தம்பி. ஒருத்தரிடமும் காலணா வாங்கியதில்லையே?"

"அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள், அம்மா?"

"கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? நீங்கள் வந்து பக்கத்தில் நிற்பீர்களா?" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்துவிட்டாள்.

தெருவில் இறங்கிய பிறகுதான் அவள் குரல் உடைந்தது. "ஏண்டி, நிஜத்தைச் சொன்னால் விட மாட்டார்களோ? குழந்தை அங்கே ஒண்டியாகத் தவிக்குமே!" என்றாள்.

வாசகிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அந்த ஏஜெண்டைப் போல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. வேண்டுமென்றே பொய் சொல்லி விசா வாங்க முயன்றதாக அமெரிக்க அதிகாரி முடிவு செய்துவிட்டால், அது அன்றைய மறுப்போடு போகாது. அந்த நாட்டுக்குள் நுழைய ஆயுட்காலத் தடையே விழும். அதிலிருந்து விலக்குப் பெறுவது மிகவும் பிரயாசை. நிஜத்தைச் சொல்லி மறுக்கப்பட்டவர் மறுபடியும் போய்க் கேட்கலாம். பொய் சொல்லி அகப்பட்டவருக்குப் பேரக் குழந்தையை நேரில் பார்க்கும் பாக்கியம் என்றைக்குமே இல்லாமல் போகலாம்.

அன்று மாலை 'தொழில்' கட்டத்தைத் திறந்தோம். அதில் ஒரு பட்டியல் விரிந்தது. விவசாயம், வியாபாரம், கலை, வைத்தியம், வக்கீல் தொழில் என்று வந்த அந்த வரிசையில் 'இல்லத்தரசி' என்றும் ஒரு தொழில் இருந்தது! அத்தைக்கு நான் அதைப் படித்துக் காட்டினேன். "அதையும் தொழில் என்று போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வந்து திரையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

தேதிக்குத் தவம்

அடுத்தது பணம். சுற்றுலா விசாவுக்குக் கட்டணம் 2023 ஜூனிலிருந்து 185 டாலர். நம் பணத்தில் பதினையாயிரம் ரூபாய்க்கு மேல். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. 2025 ஜூலையில் இயற்றிய ஒரு சட்டத்தில் இன்னொரு 250 டாலருக்கும் வழி செய்திருக்கிறார்கள். ஆகையால் பணம் கட்டுகிற அன்றைக்கு என்ன கட்டணம் என்று தூதரகத்தின் சொந்த அறிவிப்பிலேயே பார்த்துவிடுங்கள்.

புகைப்படம் இரண்டு அங்குலச் சதுரம், பின்னணி வெள்ளை. 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடியோடு எடுத்த படத்தை ஏற்பதில்லை. பொட்டு, மூக்குத்தி, பூ இவற்றுக்கு ஆட்சேபமில்லை.

பணம் கட்டியதும் பேட்டிக்கு நாள் குறிக்க வேண்டும். நல்ல பொறுமை வேண்டிய கட்டம் இதுதான். 2022-ம் ஆண்டின் கடைசியில் இந்தியாவின் சில ஊர்களில் முதல் தடவை கேட்பவர்கள் 500 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டி இருந்தது. பிறகு குறைந்தது. ஆனாலும் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. அத்தைக்கு முதலில் கிடைத்த நாள், டாக்டர் சொன்ன பிரசவத் தேதிக்கு இரண்டு வாரம் தள்ளி! வேறு யாராவது ரத்து செய்தால் முன்தேதி காலியாகும். ஒவ்வொரு நாளும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பது எங்கள் நித்திய கடமை ஆயிற்று. இதிலும் ஒரு கணக்கு உண்டு. 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் ஒரு தடவைதான் இலவசமாகத் தேதி மாற்றலாம். அதற்கு மேல் மாற்றினால் மறுபடியும் கட்டணம். அவசரப்பட்டு ஒரு வாரம் முன்னுக்கு இழுத்துக் கொண்டால், அப்புறம் ஒரு மாதம் முன்னால் இடம் வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. பத்தொன்பதாம் நாள் ராத்திரி, பிரசவத்துக்கு ஐந்து வாரம் முன்னதாக ஓர் இடம் கண்ணில் பட்டது. உடனே பிடித்துக் கொண்டோம்.

வயதானவர்களுக்குப் பேட்டி இல்லை என்று பலர் இன்னும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். முன்பு 79 வயதைத் தாண்டியவர்களுக்கும் 14 வயது நிரம்பாதவர்களுக்கும் சலுகை இருந்தது வாஸ்தவம். 2025 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள்.

பேட்டிக்கு முன்னால் இன்னோர் இடத்தில் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். நாற்பது வருஷம் அரிவாள்மணையில் காய் நறுக்கி, புளி கரைத்து, பாத்திரம் துலக்கிய விரல்கள். வலக்கைக் கட்டைவிரலை இயந்திரம் லேசில் ஒப்புக் கொள்ளவில்லை. துடைத்துத் துடைத்து, மூன்றாம் தரம்தான் பச்சை விளக்கு எரிந்தது. அந்த வாரத்தில் விரல் நுனியில் மருதாணி இட்டுக் கொள்ளாதீர்கள். கத்திக் காயம் படாமலும் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஜெமினி முனையில்

பேட்டி நாள் வந்தது. சென்னையில் அமெரிக்கர்களுக்குப் பழைய சொந்தம் உண்டு. 1794-லேயே வில்லியம் அபட் என்பவரை இங்கே தங்கள் பிரதிநிதியாக நியமித்தார்கள். இப்போதுள்ள துணைத் தூதரகக் கட்டடம் 1969-ல் திறந்தது. அப்போது மேம்பாலம் கிடையாது; அது 1973-ல் வந்தது. பாலத்துக்கு அண்ணா பெயர். ஆனால் ஜனங்கள் வாயில் இன்றைக்கும் ஜெமினிதான். எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ பக்கத்தில் இருந்ததால் வந்த பெயர். கதீட்ரல் ரோடு பக்கம் திரும்பினால் செம்மொழிப் பூங்கா. முன்பு காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட்டோமே, அந்த டிரைவ்-இன் வுட்லண்ட்ஸ் இருந்த இடம் அது. ஓட்டல் 2008-ல் மூடிற்று. பூங்கா 2010-ல் திறந்தது.

பாலத்தடியில் ஒரு சிலை இருக்கிறது. திமிறும் குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடிக்கிறான். 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழித்ததன் நினைவாக வைத்தது. அன்று காலை வரிசையில் நின்றவர்களைப் பார்த்தபோது, ஒவ்வொருவர் மார்புக்குள்ளும் அந்தக் குதிரை திமிறுவதாகவே எனக்குத் தோன்றிற்று. கழுத்துப் பட்டையைச் சரி செய்து கொண்டே இருக்கும் மாணவன். கல்யாண ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிய புதுப் பெண். பட்டுப்புடவையும் வேஷ்டியுமாகத் தாத்தா பாட்டிகள். சிலர் நெற்றியில் அன்று காலை இட்ட விபூதி இன்னும் ஈரமாக இருந்தது. சென்னை விமான நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் 'விசா கணபதி' என்றே பெயர் பெற்ற ஒரு பிள்ளையார் இருக்கிறார், தெரியுமோ? ஹைதராபாத்துக்கு அருகே சில்கூர் பாலாஜி கோவிலில், வேண்டிக் கொள்ளும்போது 11 பிரதட்சிணம். விசா கைக்கு வந்ததும் 108. கேட்கும்போது குறைவாகவும் கிடைத்த பின் அதிகமாகவும் வாங்கிக் கொள்ளும் தெய்வம்!

துணைக்குப் போகிறவர்களை உள்ளே விடுவதில்லை. கைபேசி, கைப்பை எதற்கும் அனுமதி இல்லை. ஆகவே அவற்றை வாங்கி வைத்துக் கொள்ள வெளியே ஒருவர் நிற்பது சௌகரியம். அத்தை ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையக் காகிதத்தை அணைத்துக் கொண்டு வரிசையில் சேர்ந்தாள். வீட்டுப் பத்திரம், மாமாவின் பென்ஷன் புத்தகம், பெண்ணின் சம்பளச் சீட்டு, கல்யாணப் போட்டோ, அழைப்புக் கடிதம் எல்லாம் அதில் இருந்தன. வாசல் வரைக்கும் போனவள் திரும்பி என்னைப் பார்த்து, "மாமாவுக்கு ஊசி போட்டாச்சா என்று ஒரு போன் பண்ணிக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கண்ணாடிக்கு அப்பால்

உள்ளே நடந்ததை அத்தை வாயாலேயே பிறகு கேட்டேன். மேஜை, நாற்காலி போட்டு உட்கார வைத்து விசாரிப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. ரயில்வே டிக்கட் கொடுக்கும் இடம் போல வரிசையாக ஜன்னல்கள். கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி. இப்பால் நாம், நின்றபடியே. தமிழில் பேச வேண்டும் என்றால் தாராளமாகப் பேசலாம். தெரியாத இங்கிலீஷில் தடுமாறுவதைவிட அதுவே மேல். அதிகாரிக்குப் பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் அம்மாள் இருந்தாளாம்.

"என்ன காரியமாகப் போகிறீர்கள்?"

"என் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். கூட இருக்கப் போகிறேன்."

"செலவு யாருடையது?"

"பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக் கொள்கிறார்கள்."

"எத்தனை நாள் இருப்பீர்கள்?"

"மூன்று மாதம்."

"உங்கள் கணவர் வரவில்லையா?"

"அவருக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வேளையும் ஊசி போட வேண்டும். முழங்காலும் சரியில்லை. அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது."

"நீங்கள் இல்லாதபோது அவரை யார் பார்த்துக் கொள்வார்கள்?"

"என் நாத்தனார். மதுரையில் பிள்ளை வீட்டில் இருக்கிறாள். மூன்று மாதம் வந்து சமைத்துப் போட்டு, ஊசியும் போடுகிறேன் என்று ஒப்புக் கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தங்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்."

மொழிபெயர்த்த அம்மாள் அதைச் சொல்லும்போதே சிரித்துவிட்டாளாம். கேட்ட அதிகாரியும் சிரித்தாராம். விசா அனுமதித்தாயிற்று என்று சொல்லி, பாஸ்போர்ட்டைத் தம்மிடமே வைத்துக் கொண்டார். பாஸ்போர்ட்டை வைத்துக் கொண்டால் நல்ல சகுனம் என்று வரிசையில் நின்றபோதே யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மொத்தம் மூன்று நிமிஷம்கூட இருக்காது. பிளாஸ்டிக் கவரை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை!

நாத்தனார் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் விசா கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தைக்கு உதவியது வேறு. அவளுடைய திரும்பும் காரணம் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவள் நடத்துகிற குடித்தனத்தில் இருந்தது. அதை அவள் அலங்காரம் இல்லாமல், இருந்தது இருந்தபடி, கேட்ட கேள்விக்கு மட்டும் சொன்னாள். நீங்களும் போகுமுன் ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். நான் இல்லாவிட்டால் என் வீட்டில் எது நின்றுபோகும்? யார் எனக்காகக் காத்திருப்பார்கள்? எத்தனை நாள் காத்திருப்பார்கள்? இதற்குப் பதில் உங்களுக்கே தெளிவாகிவிட்டால், ஜன்னலில் நாக்கு ஒட்டிக் கொள்ளாது.

மறுத்துவிட்டால்?

மறுப்பும் உண்டு. முன் சொன்ன 214-பி பிரிவைக் குறிப்பிட்டு ஒரு காகிதம் கொடுப்பார்கள். அதன்மேல் அப்பீல் கிடையாது. மறுபடி எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்; மறுபடி கட்டணமும் கட்ட வேண்டும். நிலைமையில் எதுவும் மாறாமல் அடுத்த வாரமே ஓடிப் போய் நின்றால், பெரும்பாலும் அதே பதில்தான் வரும். அடுத்த விண்ணப்பத்தில் 'முன்பு மறுக்கப்பட்டதுண்டா?' என்று கேட்பார்கள். 'ஆம்' என்று எழுதத் தயங்காதீர்கள். அவர்களுடைய ஏட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. மறுப்பு ஒரு பெண்மணியின் யோக்கியதைக்குக் கிடைத்த மார்க்கு அல்ல. அக்கம் பக்கத்தில் அதை மறைத்துக் குமுற வேண்டியதும் இல்லை. விசா கைக்கு வருவதற்கு முன்னால் விமான டிக்கட் வாங்கி வைக்காமல் இருந்தால், மனக் கஷ்டத்தோடு பண நஷ்டமும் சேராது.

கதவுக்கு அப்பால் இன்னொரு கதவு

சில நாளில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. பத்து வருஷத்துக்கு விசா! இந்தியர்களுக்குப் பொதுவாக அப்படித்தான் கொடுக்கிறார்கள். பத்து வருஷம் அங்கே இருக்கலாம் என்று அர்த்தமல்ல. பத்து வருஷம் வரையில் அவர்கள் வாசலில் போய் மணி அடிக்கலாம் என்றுதான் அர்த்தம். அங்கே விமானத்தைவிட்டு இறங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிதான் எத்தனை நாள் தங்கலாம் என்று தீர்மானிக்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம் வரையில் கொடுப்பார்கள். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் பத்து வருஷ விசாவும் செல்லாததாகிவிடும். சம்பளத்துக்கு வேலை எதுவும் செய்யக் கூடாது.

வைத்தியச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்காமல் கிளம்பாதீர்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமல் விசாவே தருவதில்லை. அமெரிக்கா அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அங்கே ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தால் இல்லாத வியாதியும் வந்துவிடும்.

பெட்டி கட்டும்போது முக்கியமான ஒன்று: பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துப் போகாதீர்கள். அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒட்டி வரும் ஒரு பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவிடும் என்று அமெரிக்கர்களுக்குப் பயம். பழம், மாமிசம் இவற்றுக்கும் தடை. தின்பண்டம் எது கொண்டு போனாலும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதியதைப் பிடுங்கிக் கொண்டாலும் பாதகமில்லை. மறைத்தது அகப்பட்டால் அபராதம்.

அத்தை இப்போது பருப்புப் பொடி இடித்துக் கொண்டிருக்கிறாள். லேகியம் டப்பாவில் ஏறிவிட்டது. மதுரையிலிருந்து நாத்தனாரும் வந்து சேர்ந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக அவள் செய்த முதல் காரியம், கூடத்தில் தொங்கும் காலண்டரை மூன்று தாள் புரட்டி, அத்தை திரும்பி வர வேண்டிய நாளைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்ததுதான்.